பத்தடி அறையில் ஒரு ரூட்டர்

இது மும்பை தாராவியில் நடந்தது. தாராவியில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாத்தா, பாட்டி காலத்திலேயே பிழைக்க வந்தவர்கள். அங்கே நான் மாலை வகுப்பு நடத்துகிறேன். எழுத்து கற்க வருபவர்கள் எல்லாருக்கும் என் அக்கா வயது, அம்மா வயது.

அவர்களில் பதினொரு பேர் சேர்ந்து ஒரு தையல் குழு வைத்திருக்கிறார்கள். பள்ளிச் சீருடை தைக்கிறார்கள். துணிப்பை தைக்கிறார்கள். கீழே ஓர் அறை. பத்தடிக்குப் பத்தடி. அதுதான் ஆபீஸ். ஏணியில் ஏறினால் மேலே இன்னோர் அறை. அங்கே ஆறு தையல் மிஷின் ஓடும். மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவில் இருப்பது இரும்புத் தகடு.

குழுவில் இரண்டு கம்ப்யூட்டர் உண்டு. கீழே இருப்பதில் பில் போடுவார்கள். மேலே இருப்பதில் அளவுப் பட்டியல் வைப்பார்கள். ஒரு பிரிண்டரும் உண்டு. குழுத் தலைவியைப் பெரியக்கா என்போம். கணக்கு எழுதுபவரைக் கணக்கக்கா என்போம். கணக்கக்காவுக்கு வயது 42. மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் கைநாட்டு. இன்று நோட்டில் வரவு செலவு எழுதுகிறார்.

இவ்வளவு இருந்தும் ஒரு குறை. ஆபீசுக்கென்று இன்டர்நெட் இல்லை. பெரியக்காவின் மகன் வைத்திருந்த போனிலிருந்துதான் கம்ப்யூட்டருக்கு நெட் எடுப்பார்கள். மகன் வேலைக்குப் போனால் போனும் போகும். நெட்டும் போகும்.

ஒரு நாள் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. 400 சீருடை வேண்டும். மாலை 5 மணிக்குள் விலை எழுதி இ-மெயிலில் அனுப்ப வேண்டும். விலைப் பட்டியல் தயார். கணக்கக்காவே போட்டது. ஆனால் போன் எங்கே? மின்சார ரயிலில், மகனின் சட்டைப் பையில். அவன் வீடு வந்து சேர்ந்தபோது மணி 8. வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது. பதினொரு பேரின் மூன்று வாரக் கூலி அது.

அன்று இரவு பெரியக்கா சொன்னார்: "நமக்குன்னு ஒரு நெட் வேணும். ஆனா யாரோ வந்து மாட்டிட்டுப் போனா நமக்கு என்ன தெரியும்? நீ சொல்லிக் குடு தம்பி. நாங்களே மாட்டுதோம்."

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவன். எனக்கும் எல்லாம் தெரியாது. கேட்டும், படித்தும், தப்புச் செய்தும் கற்றுக்கொண்டேன். அதைத்தான் இங்கே சொல்கிறேன்.

ரூட்டர் என்ன செய்கிறது?

எங்கள் சந்தில் முப்பது வீடு இருக்கிறது. தபால்காரர் முப்பது வீட்டுக்கும் ஏறி இறங்குவதில்லை. சந்து முனையில் ஒரு டீக்கடை. எல்லாக் கடிதமும் அங்கே வரும். டீக்கடைக்காரருக்கு எந்தக் கடிதம் எந்தக் கதவுக்கு என்று தெரியும். சரியான வீட்டில் கொடுத்து விடுவார்.

ரூட்டர் அந்த டீக்கடைக்காரர் மாதிரி. வெளியிலிருந்து ஒரே ஒரு இணைப்பு வருகிறது. உள்ளே கம்ப்யூட்டர், பிரிண்டர், போன் எல்லாம் இருக்கின்றன. எது யாருக்கு என்று பார்த்து ரூட்டர் பிரித்துக் கொடுக்கிறது.

பிரித்துக் கொடுக்கக் கதவு எண் வேண்டும் அல்லவா? ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ரூட்டர் ஓர் எண் கொடுக்கும். அந்த எண்ணில் நான்கு பகுதி இருக்கும். நடுவில் புள்ளி வரும். 192.168.0.5 என்பது போல. பக்கத்துச் சந்திலும் ஒரு 5-ஆம் எண் வீடு இருக்கலாம். அதனால் நமக்குக் குழப்பம் இல்லை. அதேபோல் பக்கத்து ஆபீசிலும் இதே எண் இருக்கலாம். அது அவர்கள் சந்து. இது நம் சந்து.

இன்னொரு லாபமும் உண்டு. கம்ப்யூட்டர்களை ரூட்டரோடு சேர்த்துவிட்டால் அவை ஒன்றோடு ஒன்று பேசும். மேலே உள்ள கம்ப்யூட்டரிலிருந்து கீழே உள்ள பிரிண்டரில் அச்சடிக்கலாம். இதற்கு இன்டர்நெட்டே வேண்டாம். வெளியே இணைப்பு அறுந்த நாளிலும் இது நடக்கும்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. அப்போது டெலிபோன் வயர் வழியாக வந்தது. நெட் ஓடும் நேரத்தில் அந்த போனில் பேச முடியாது. இப்போது பல இடங்களில் கண்ணாடி இழை வழியாக வருகிறது. இழை தலைமுடி போல மெல்லியது. அதற்குள் ஒளி ஓடுகிறது.

வந்தவரைச் சும்மா அனுப்பாதீர்கள்

இணைப்புக் கொடுக்கக் கம்பெனி ஆள் வருவார். ஒரு சின்னப் பெட்டியைச் சுவரில் மாட்டுவார். கண்ணாடி இழை அந்தப் பெட்டியில்தான் வந்து சேரும். இதை ஃபைபர் பெட்டி என்று வைத்துக்கொள்வோம். சில இடங்களில் இதற்குள்ளேயே ரூட்டரும் இருக்கும். எங்களுக்குத் தனியாக இருந்தது.

அவர் அவசரத்தில் இருப்பார். இன்னும் நாலு வீடு பாக்கி என்பார். பரவாயில்லை. ஒரு டீ கொடுங்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பெட்டிக்குள் ரூட்டர் இருக்கிறதா? இணைப்புக்குப் பெயரும் பாஸ்வேர்டும் உண்டா, அல்லது தானாக வந்துவிடுமா? கோளாறு வந்தால் எந்த எண்ணுக்கு போன் செய்ய வேண்டும்?

பாஸ்வேர்டு என்றால் இரகசியச் சொல். பூட்டுக்குச் சாவி போல. எங்களுக்கு ஒரு துண்டுச் சீட்டில் பெயரும் பாஸ்வேர்டும் எழுதிக் கொடுத்தார். கணக்கக்கா அதை உடனே நோட்டில் எழுதினார். துண்டுச் சீட்டு இரண்டு நாளில் தொலைந்தது. நோட்டு இருக்கிறது.

கண்ணாடி இழையை மடக்கக் கூடாது. ஆணியில் சுற்றக் கூடாது. உள்ளே முறிந்துவிடும். கழன்று கிடக்கும் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

பீரோவில் வைத்த கதை

ரூட்டரை எங்கே வைப்பது? எங்கள் முதல் தப்பு இங்கேதான்.

காசு கொடுத்து வாங்கிய சாமான். யாராவது எடுத்துப் போய்விட்டால்? பெரியக்கா அதை இரும்பு பீரோவில் வைத்துவிட்டார். வயர் போக மட்டும் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தார். போனில் நெட் வந்தது, போனது, வந்தது, போனது. நான் கம்பெனியைத் திட்டினேன். கம்பெனி மேல் தப்பே இல்லை.

ரூட்டர் கம்பி இல்லாமல் அலையாக அனுப்புவதை வைஃபை என்கிறோம். ரேடியோ அலை போன்றதுதான். அந்த அலையை இரும்பு மறிக்கும். தகரம் மறிக்கும். தண்ணீர் நிறைந்த டிரம்மும் மறிக்கும். எங்கள் பக்கத்தில் இந்த மூன்றும்தான் எங்கே பார்த்தாலும் இருக்கின்றன!

பிறகு சுவரில் ஆறடி உயரத்தில் ஒரு பலகை அடித்தோம். அதில் ரூட்டரை வைத்தோம். கீழ் அறையில் நெட் நன்றாக வந்தது. மேல் அறையில் வரவில்லை. நடுவில் இரும்புத் தகடு இருக்கிறதே. அதற்கு வைஃபையோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஏணி ஓரமாக ஒரு கேபிள் இழுத்து மேல் கம்ப்யூட்டரில் சொருகினோம். அன்றிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நாளும் மக்கர் செய்யவில்லை. என்னைக் கேட்டால், நகராத சாமானுக்குக் கேபிள்தான் நல்லது. போனுக்கு வைஃபை போதும்.

இந்தக் கேபிளுக்குள் எட்டு மெல்லிய கம்பி இருக்கும். இரண்டு முனையிலும் கண்ணாடி போன்ற சின்னச் சொருகி இருக்கும். டக் என்று சத்தம் கேட்கும் வரை சொருக வேண்டும். 100 மீட்டர் வரை இழுக்கலாம். கரண்டு வயரோடு சேர்த்துக் கட்டாமல் தள்ளிக் கொண்டு போங்கள்.

எந்த ஓட்டையில் எது?

ரூட்டரின் பின்பக்கம் சதுர ஓட்டைகள் இருக்கும். எல்லாம் ஒரே மாதிரி தெரியும். ஆனால் ஒன்று மட்டும் தனி. அது வெளிவாசல். பெரும்பாலும் வேறு நிறத்தில் இருக்கும். சற்றுத் தள்ளியும் இருக்கும். அதன் மேல் ஆங்கிலத்தில் வேன் என்றோ இன்டர்நெட் என்றோ எழுதியிருக்கும். ஃபைபர் பெட்டியிலிருந்து வரும் கேபிளை இதில்தான் சொருக வேண்டும்.

மற்றவை உள்வாசல். லேன் என்று எழுதியிருக்கும். கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் இவற்றில் எதில் வேண்டுமானாலும் சொருகலாம்.

நான் வெளிவாசல் கேபிளை உள்வாசலில் சொருகிவிட்டேன். விளக்கெல்லாம் பச்சையாக எரிந்தது. நெட் மட்டும் இல்லை. அரை மணி நேரம் தலையைச் சொறிந்தேன். கணக்கக்காதான் பார்த்தார். "தம்பி, இங்கிலீசு எனக்குத் தெரியாது. ஆனா இந்த நீல ஓட்டை மட்டும் காலியா இருக்கே" என்றார்.

கரண்டு அடாப்டர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ரூட்டரோடு பெட்டியில் வந்த அடாப்டரையே போடுங்கள். சில ரூட்டருக்கு 9 வோல்ட். சிலதுக்கு 12 வோல்ட். முனை ஒன்றாகவே இருக்கும். மாற்றிப் போட்டால் ரூட்டர் ஓடாது, இல்லாவிட்டால் புகைந்துபோகும். அடாப்டர் மேல் வோல்ட் எண் அச்சாகியிருக்கும். படித்துப் பாருங்கள்.

அடியில் உள்ள சீட்டு

ரூட்டரைத் திருப்புங்கள். அடியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். அதில் ஓர் எண் இருக்கும். 192.168.0.1 அல்லது 192.168.1.1 என்று பல ரூட்டரில் இருக்கும். இது ரூட்டரின் சொந்தக் கதவு எண். சிலதில் எண்ணுக்குப் பதில் ஒரு பெயர் இருக்கும்.

கேபிளில் சேர்த்த கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறக்க வேண்டும். பிரவுசர் என்பது நாம் இன்டர்நெட் பார்க்கும் ஜன்னல். அதன் உச்சியில் உள்ள நீளக் கட்டத்தில் இந்த எண்ணை அடிக்க வேண்டும். புள்ளியை விடக் கூடாது. நடுவில் இடம் விடக் கூடாது. எங்கள் ஆபீசில் இதைக் கணக்கக்கா அடித்தார். ஒவ்வோர் எண்ணாகச் சத்தம் போட்டுப் படித்துக்கொண்டே அடித்தார். ரூட்டரின் பக்கம் திறந்தது.

முதலில் ரூட்டர் தன் பாஸ்வேர்டைக் கேட்கும். சில ரூட்டரில் நாமே புதிதாக ஒன்று வைக்கச் சொல்லும். சிலதில் கம்பெனி வைத்த பாஸ்வேர்டு சீட்டிலேயே இருக்கும். பல பழைய ரூட்டரில் பெயரும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். ஊருக்கெல்லாம் ஒரே சாவி! அதை முதல் வேலையாக மாற்றுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

அடுத்து, வெளி இணைப்பு எப்படிப்பட்டது என்று கேட்கும். கம்பெனி பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்திருந்தால் பி.பி.பி.ஓ.இ. என்பதைத் தேர்ந்தெடுத்து அவற்றை எழுத வேண்டும். கொடுக்காவிட்டால் தானாக எடுத்துக்கொள்ளும் முறையை விட்டுவிடலாம். எழுதும்போது கவனம். ஆங்கிலத்தில் ஓ எழுத்தும் பூஜ்ஜியமும் ஒன்று போல இருக்கும். பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. நாங்கள் மூன்று முறை தப்பாக அடித்தோம். காரணம் ஒரு பூஜ்ஜியம்.

வைஃபைக்கு ஏன் பூட்டு?

"நம்ம நெட்டை நாலு பேர் பார்த்தா என்ன குறைஞ்சிரும்?" என்று ஓர் அக்கா கேட்டார். நல்ல மனசு. ஆனால் இந்தக் கதையைக் கேளுங்கள்.

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் நகரில் பல இடங்களில் குண்டு வெடித்தது. பலர் இறந்தார்கள். வெடிப்பதற்குச் சற்று முன்னால் டி.வி. நிலையங்களுக்கு ஒரு மிரட்டல் இ-மெயில் வந்தது. போலீஸ் தேடிப் பார்த்தது. அது நவி மும்பையில் ஒருவர் வீட்டு இணைப்பு வழியாகப் போயிருந்தது. அவரை விசாரித்தார்கள். அவர் அனுப்பவில்லை. அவருடைய வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள்.

நவி மும்பை எங்களுக்குப் பக்கம்தான். இதைக் கேட்டதும் அறையில் சத்தம் அடங்கிவிட்டது. இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ, கேள்வியும் அவரிடம்தான் வரும். எங்கள் இணைப்பு பெரியக்கா பெயரில் இருக்கிறது.

அதோடு நம் கம்ப்யூட்டரில் பதினொரு பேரின் கூலிக் கணக்கு இருக்கிறது. பேங்க் விவரம் இருக்கிறது. உள்வாசலுக்குள் வந்தவர் எந்தக் கதவையும் தட்டிப் பார்க்கலாம்.

பூட்டில் பல வகை உண்டு. ரூட்டர் பக்கத்தில் பட்டியல் இருக்கும். டபிள்யூ.பி.ஏ.3 அல்லது டபிள்யூ.பி.ஏ.2 என்பதைத் தேர்ந்தெடுங்கள். டபிள்யூ.இ.பி. என்று ஒன்று இருந்தால் தொடாதீர்கள். அது துருப்பிடித்த பூட்டு. சில நிமிஷத்தில் உடைத்துவிடலாம். ஓபன் என்றால் கதவே இல்லை.

பாஸ்வேர்டு எட்டு எழுத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். போன் நம்பர் வைக்காதீர்கள். குழந்தை பெயர் வைக்காதீர்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தம் இல்லாத மூன்று நான்கு சொல்லைச் சேருங்கள். பூசணிக்காய், குடை, ரயில் என்பது மாதிரி. அதை ஆங்கில எழுத்தில் எழுதி நடுவில் ஓர் எண்ணும் போடுங்கள். நினைவில் நிற்கும். பிறர் ஊகிப்பது கஷ்டம். (பூசணிக்காய் எங்கள் பாஸ்வேர்டு இல்லை!)

அலை இரண்டு வகை வரும். 2.4 என்றும் 5 என்றும் காட்டும். 2.4 தூரம் போகும். வேகம் குறைவு. 5 வேகமாக ஓடும். சுவர் வந்தால் களைத்துவிடும். எங்கள் பிரிண்டர் பழசு. அதற்கு 2.4 மட்டும்தான் தெரியும். எங்கள் பக்கம் போனைத் திறந்தால் முப்பது வைஃபை பெயர் தெரியும். ஒரே தடத்தில் எல்லாரும் ஓடினால் நெரிசல்தான். 2.4 அலையில் 1, 6, 11 ஆகிய தடங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாது. மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். 11-ல் நன்றாக வந்தது. உங்களுக்கு வேறு எண் சரியாக வரலாம்.

ஏழா, எட்டா?

எல்லாம் முடிந்தது. ரூட்டர் பக்கத்தில் ஒரு பட்டியல் உண்டு. இப்போது யார் யார் சேர்ந்திருக்கிறார்கள் என்று காட்டும். வாரத்துக்கு ஒரு முறை அதைப் பார்க்கும் வேலையைக் கணக்கக்கா ஏற்றுக்கொண்டார்.

இரண்டு கம்ப்யூட்டர். ஒரு பிரிண்டர். நான்கு போன். மொத்தம் ஏழு.

மூன்றாவது வாரம் அவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, ஏழுதான இருக்கணும். எட்டு இருக்கு."

எண்ணிப் பார்த்தேன். எட்டுதான். எனக்கு வயிற்றைக் கலக்கியது. யார் அது? கம்ப்யூட்டரை ஏதாவது செய்துவிட்டார்களா? பெரியக்கா எல்லாரையும் உட்கார வைத்துக் கேட்டார். கடைசியில் ஓர் அக்கா மெதுவாகச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பையன். பத்தாம் வகுப்பு. பாடம் பார்க்க நெட் இல்லை என்று அழுதானாம். பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டாராம்.

பெரியக்கா சத்தம் போட்டார். பிறகு சத்தம் நின்றது. படிக்கிற பிள்ளை. என்ன செய்வது?

அப்போதுதான் எனக்கு விருந்தாளி வைஃபை ஞாபகம் வந்தது. பல ரூட்டரில் இது உண்டு. ஆங்கிலத்தில் கெஸ்ட் என்று போட்டிருக்கும். அதற்குத் தனிப் பெயர், தனிப் பாஸ்வேர்டு. அதில் சேருபவருக்கு நெட் மட்டும் கிடைக்கும். நம் கம்ப்யூட்டர், பிரிண்டர் பக்கம் வர முடியாது. திண்ணையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுப்பது போல. உள் அறைக்கு வழி இல்லை.

ஆபீஸ் பாஸ்வேர்டை மாற்றினோம். வைஃபையில் சேர்ந்த சாமான்களில் எல்லாம் புதிதாகப் போட்டோம். ஒரு மணி நேர வேலை. கெஸ்ட் வைஃபையைத் திறந்தோம். அந்தப் பாஸ்வேர்டைப் பையனுக்குக் கொடுத்தோம். "வேற யாருக்கும் குடுக்கப்பிடாது. ராத்திரி பத்து மணிக்கு அணைச்சிருவேன்" என்றார் பெரியக்கா. தலையாட்டினான். சீருடை பார்க்க வரும் வாடிக்கையாளருக்கும் இப்போது அதுதான்.

கோளாறு வந்தால்

முதலில் விளக்கைப் பாருங்கள். ஃபைபர் பெட்டியில் சிவப்பு விளக்கு மின்னினால் கோளாறு வெளியே. கம்பெனிக்கு போன் செய்யுங்கள். ரூட்டரைக் குடைய வேண்டாம். சிவப்பு இல்லை, ஆனால் நெட்டும் இல்லை என்றால் ரூட்டரை அணையுங்கள். ஒரு நிமிஷம் பொறுங்கள். மறுபடி போடுங்கள். பாதி நாள் இதிலேயே சரியாகிவிடும்.

ரூட்டரின் பின்னால் ஊசித் துளை ஒன்று இருக்கும். ரீசெட் என்று பெயர். அதில் ஊசியை விட்டுச் சில விநாடி அழுத்தினால் நாம் எழுதியது எல்லாம் அழிந்துபோகும். ரூட்டர் கடையில் வாங்கிய நாள் போல ஆகிவிடும். பாஸ்வேர்டு அடியோடு மறந்துபோனால் இது உதவும். மற்ற நாளில் பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தையல் ஆபீசில் ஊசிக்கா பஞ்சம்?

இடி, மின்னல் நேரத்தில் ரூட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். ஜூன் வந்தால் மும்பையில் இது பழக்கமாகவே ஆகிவிடும்.

கம்பெனியிலிருந்து பேசுகிறேன், பாஸ்வேர்டு சொல்லுங்கள், ஓ.டி.பி. சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் சொல்லாதீர்கள். போனை வைத்துவிடுங்கள். நீங்களே கம்பெனி எண்ணுக்கு போன் செய்து கேளுங்கள். ஏமாந்து பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். இந்தியா முழுவதுக்கும் ஒரே எண். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

எங்கள் பாஸ்வேர்டு நோட்டு இப்போது எங்கே இருக்கிறது தெரியுமா? ரூட்டரை வைத்து நெட்டைக் கெடுத்தோமே, அதே இரும்பு பீரோவில். சாவி கணக்கக்காவிடம்.

செய்து பாருங்கள்

1. உங்கள் ஆபீஸ் ரூட்டரின் அடியில் உள்ள சீட்டைப் பாருங்கள். அதில் உள்ள கதவு எண்ணைப் புள்ளியோடு நோட்டில் எழுதுங்கள்.

2. உங்கள் ஆபீசில் எத்தனை கம்ப்யூட்டர், எத்தனை பிரிண்டர், எத்தனை போன் ரூட்டரில் சேரும்? கூட்டி எழுதுங்கள். பிறகு ரூட்டர் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள்.

3. இந்தச் சொற்களை வாய்விட்டுப் படியுங்கள்: ரூட்டர், கேபிள், பாஸ்வேர்டு, வெளிவாசல், உள்வாசல், அடாப்டர், கண்ணாடி இழை.